மார்க்கோனியின் கையொப்பம்

கல்லூரியை விட்டுப் பிரியுங் காலத்திலே மாணாக்கர் சிறு ஏடொன்றைக் கையிற் கொண்டு ஆசிரியரிடத்தும் நண்பரிடத்தும் கையொப்பம் வேண்டித் திரிதல் நாம் எல்லோரும் அறிந்த வழக்கமே. பழைய மாணவர் பலர் அவ்வேடுகளை இன்றும் பேணி வைத்திருப்பர். மேனாடுகளில் இவ்வழக்கம் பெரிதாய் வளர்ந்து, புகழ்பெற்றோர் கையொப்பங்களைத் தேடி வாங்கிச் சேர்த்தல் ஒரு தனிக் கலையாகவும் வணிகமாகவும் நிலைபெற்றுள்ளது. அவ்வாறு நாடப்படும் ஒப்பங்களுள் ஒன்று, கம்பியில்லாத் தந்தியை உலகிற்கு வழங்கிய குலியெல்மோ மார்க்கோனியாருடையது.

ஒப்பம் சேர்ப்போரிடத்தே ஒரு முறைமை உண்டு. ஏதோ ஒரு தாளிலிருந்து வெட்டியெடுத்த வெறும் ஒப்பத்துக்கு மதிப்புக் குறைவு. ஒப்பமிட்ட நிழற்படத்துக்கு அதனினும் மிகுதி. தம் கண்டுபிடிப்பைப் பற்றித் தாமே எழுதி ஒப்பமிட்ட கடிதம் கிடைக்குமாயின் அதுவே தலைசிறந்த செல்வமாகும். செயலாளர் இட்ட ஒப்பமும், அச்சிலே பதித்த ஒப்பமும் எத்துணை அழகியவாயினும் தள்ளப்படும். இம்முறைமையின் உட்பொருள் யாதெனின், ஒப்பத்தின் மதிப்பு அவ்வெழுத்துக்களில் இல்லை; அதற்கு மேலே எழுதப்பட்டிருப்பதிலேயே உளது என்பதாம். மார்க்கோனியாரின் வாழ்க்கையையும் இவ்வளவுகோல் கொண்டே நோக்குதல் தகும் என்று எண்ணி, அவர் தம் பெயரை எவ்வெவற்றின் கீழே வைத்தார் என்பதை முறையாக இங்கே கூறப் புகுந்தோம்.

மார்க்கோனியார் 1874 ஆம் ஆண்டு சித்திரை மாதம் 25 ஆந் திகதி இத்தாலி தேசத்துப் பொலோஞா நகரிற் பிறந்தார். தந்தையார் யூசெப்பே மார்க்கோனி நிலபுலம் மிக்க செல்வர். தாயார் ஆனி ஜேம்சன் அயர்லாந்தில் மதுவடிசாலை நடத்திப் பேர்பெற்ற குடும்பத்திற் பிறந்தவர். ஆதலின் மகனார் இத்தாலிய மொழியோடு ஆங்கிலத்தையும் தாய்மடியிலேயே கற்றார். பள்ளிக்கூடப் படிப்பு அவருக்குச் செம்மையாக அமையவில்லை. பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேரும் தகுதியையும் அவர் பெற்றாரல்லர். பிற்காலத்தில் நோபற் பரிசு பெற்று உரையாற்றியபோது, தாம் பௌதிகத்தை முறைப்படி கற்றவரல்லர் என்பதை அவரே ஒளியாது தெரிவித்தார். எனினும் பொலோஞாப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் அகஸ்தோ றீகி என்பவர், இளைஞரது ஆர்வத்தைக் கண்டு தமது ஆய்வுகூடத்தையும் நூல்களையும் பயன்படுத்த இடமளித்தார். மகனுடைய ஆய்வுகளைத் தந்தையார் ஐயத்தோடு நோக்கினர். தாயாரோ வீட்டு மேன்மாடத்தை ஆய்வுக்கு விட்டுத் துணைநின்றனர்.

மின்காந்த அலைகளைக் கண்டவர் மார்க்கோனியார் அல்லர் என்பதை நாம் முதலிலேயே தெளிதல் வேண்டும். அத்தகைய அலைகள் உளவாதல் வேண்டும் என்பதை ஸ்கொத்லாந்து அறிஞர் மக்ஸ்வெல் கணித வழியால் 1865 ஆம் ஆண்டிலே காட்டினார். ஜேர்மனிய அறிஞர் ஹேர்ட்ஸ் 1887, 1888 ஆம் ஆண்டுகளில் மின்பொறி கொண்டு அவ்வலைகளை உண்டாக்கி உண்மையை நிறுவினார். பிரான்சு தேசத்துப் பிறான்லி, உலோகத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயினூடாக எளிதில் மின்னோட்டஞ் செல்லாதெனினும், அண்மையில் மின்பொறி தோன்றிய மாத்திரத்தில் அத்தூள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு மின்னோட்டத்துக்கு வழிவிடும் என்று 1890 ஆம் ஆண்டிற் கண்டார். அதனையே அலைகளை அறியுங் கருவியாக்கி இங்கிலாந்தில் ஒலிவர் லொட்ஜ் 1894 ஆம் ஆண்டில் அறிஞர் அவையிற் செய்து காட்டினார். 1895 ஆம் ஆண்டில் இரசியாவிலே பொப்பொவ் இடிமின்னலை அறியுங் கருவியொன்றை அமைத்தார். அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலனாகாத அலைகளால் தொலைவிலே மணியை ஒலிப்பித்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் கண்டோரை வியப்பித்தார். இங்ஙனம் விளக்கும் எண்ணெயும் திரியும் ஆயத்தமாயிருந்த வேளையிலேதான் மார்க்கோனியார் வந்து சேர்ந்தார்.

1894 ஆம் ஆண்டு தைப் பிறப்பிலே ஹேர்ட்ஸ் தமது முப்பத்தாறாம் வயதிற் காலமானார். அவரைப் பற்றி றீகி எழுதிய இரங்கலுரையை விடுமுறைக்குச் சென்றிருந்த இளைஞர் மார்க்கோனி படித்தார். ஆய்வுகூடத்து விந்தையாயிருக்கும் இவ்வலைகளைச் செய்தி கொண்டுசெல்லும் தூதாக்கலாமே என்னும் எண்ணம் அவர் உள்ளத்தைப் பற்றியது. பொந்தெக்கியோ என்னும் ஊரிலே தந்தையாருக்குரிய கிறிபோனே மாளிகையில் இரவு பகலாக முயன்றார். அவர் செய்த பெருஞ் செயல் யாதெனில், அனுப்புங் கருவியின் ஒருமுனையை நிலத்தோடு இணைத்து, மறுமுனையை உயரத்தே தூக்கிய கம்பியோடு தொடுத்ததாகும். கம்பி உயர உயரச் செய்தி செல்லுந் தூரமும் வளர்ந்தது. உலோகத் தூட் குழாயையும் அவர் பலவாறு திருத்தி, ஒவ்வொரு குறிக்கும் பின்னர்ச் சிறு சுத்தியலொன்று தானே தட்டித் தூளைக் கலைக்குமாறு அமைத்தார். 1895 ஆம் ஆண்டில் ஏற்புக்கருவியை மாளிகைக்கு எதிரேயுள்ள குன்றின் அப்புறத்துக்குத் தமையனார் அல்போன்சோ முதலியோர் கொண்டு சென்றனர். குறி கிடைத்தால் துப்பாக்கியால் வெடி தீர்க்கும்படி ஏற்பாடு. மார்க்கோனியார் சாவியை அழுத்தினார். குன்றின் பின்னிருந்து வெடியோசை எழுந்தது. ஏறத்தாழ 2 கிலோமீற்றர் தூரத்தை, இடையில் நின்ற குன்றையுங் கடந்து, செய்தி சென்றுவிட்டது.

1896 ஆம் ஆண்டு மாசி மாதம் தாயாரோடு அவர் இலண்டன் நகரை அடைந்தார். அவ்வாண்டு ஆனி மாதம் 2 ஆந் திகதி, பேற்றன்ற் எனப்படும் ஆக்கவுரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பஞ் செய்தார். கம்பியில்லாத் தந்திக்கென உலகில் முதன்முதல் எழுந்த அப்பத்திரத்தின் இலக்கம் 12039. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. முன்னோர் பலர் கண்டவற்றைச் சேர்த்துத் தாம் கண்டதையுங் கூட்டி, ஒரு முழுமையான முறையாக்கி, அதன் கீழே அவ்விளைஞர் தம் பெயரை வைத்தார். அறிஞர் பலர் மனம் நொந்தனர். லொட்ஜ் வெளிப்படையாகவே குறைகூறினார். ஆயின் பொது அஞ்சற்றிணைக்களத்துத் தலைமைப் பொறியியலாளர் வில்லியம் பிறீஸ் அவருக்குக் கைகொடுத்தார். 1897 ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் பிறிஸ்ரல் கால்வாயின் குறுக்கே ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தூரம் நீர்ப்பரப்பைக் கடந்து செய்தி சென்றது.

இவ்விடத்திலே போசரையும் மார்க்கோனியாரையும் ஒப்புநோக்காதிருத்தல் இயலாது. போசர் அறிவை விலைப்படுத்த விரும்பாதவர். கண்டவற்றை மறைக்காது அறிஞர் அவையில் வெளியிட்டார். நண்பர் வற்புறுத்தலாலேயே பின்னர் ஆக்கவுரிமைப் பத்திரமொன்றை ஏற்றார். மார்க்கோனியாரோ முதற் படியிலேயே பத்திரமும், அடுத்த படியிலேயே வணிகக் கழகமும் அமைத்தவர். ஒருவர் துறவியின் வழி நின்றார். மற்றவர் வணிகரின் வழி நின்றார். துறவியின் வழி உயர்ந்ததென்று கூறி அமைதல் எளிது. ஆயினும் கடலிலே கப்பல்தோறும் கருவி வைத்து, கரைதோறும் நிலையம் நாட்டி, இரவும் பகலும் காது கொடுத்திருக்கப் பணியாளரைப் பயிற்றுதற்குப் பெரும் பொருளும் இடையறா முயற்சியும் வேண்டியிருந்தன. அவற்றைத் தேடித் திரட்டியவர் மார்க்கோனியாரே. உண்மையைக் காண்பாரும் அதனைப் பயன்படச் செய்வாரும் ஆகிய இருவரையும் உலகம் வேண்டிநிற்கிறது. குறை எங்கே உளதெனின், பயன்படச் செய்தவர் பெயர் மாத்திரம் நிலைத்து, கண்டவர் பெயர் மறைந்துபோதலிலேயே உளது.

1899 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட கடலைச் செய்தி தாண்டியது. 1900 ஆம் ஆண்டிலே 7777 என்னும் இலக்கமுடைய புகழ்பெற்ற பத்திரம் வெளிப்பட்டது. ஒரு நிலையத்தின் செய்தி மற்றொன்றன் செய்தியோடு கலவாதபடி அலைவரிசையை இசைவித்தல் பற்றியது அது. வீட்டு வானொலிப் பெட்டியிற் குமிழைத் திருகி வேண்டிய நிலையத்தைப் பெற்றோமே, அதன் அடிப்படை இவ்விசைவித்தலேயாம். இதற்கு 3 ஆண்டுகளின் முன்னரே லொட்ஜ் இசைவித்தல் பற்றி ஒரு பத்திரம் பெற்றிருந்தார் என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது. அப்பத்திரத்தை மார்க்கோனிக் கழகம் பின்னர் விலைகொடுத்து வாங்கிற்று.

இனி அவர் வாழ்க்கையின் தலையாய நாளுக்கு வருவோம். அலைகள் நேரே செல்லும் இயல்பின, பூமியோ உருண்டை, ஆதலின் பெருங்கடலுக்கு அப்பால் அவை எட்டா என்று கற்றோர் பலர் கருதினர். மார்க்கோனியார் அதனை ஏற்றிலர். இங்கிலாந்தின் மேற்கோரத்தில் பொல்டு என்னும் இடத்திலே, பேராசிரியர் பிளெமிங் வகுத்தபடி மாபெரும் அனுப்பு நிலையம் எழுந்தது. 1901 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்துப் புயல் அதன் கம்பங்களை வீழ்த்தியது. அமெரிக்கக் கரையில் நாட்டிய கம்பங்களும் அடுத்த புயலில் வீழ்ந்தன. அவர் மனந்தளராது, கெம்ப், பஜெற் என்னும் உதவியாளர் இருவருடன் நியூபவுண்லாந்துத் தீவுக்குச் சென்று, சென் ஜோன்ஸ் நகரத்துச் சிக்னல் குன்றின் மீது, பட்டம் ஒன்றின் துணையால் ஏறத்தாழ 150 மீற்றர் நீளக் கம்பியை வானிலே ஏற்றினார். மார்கழி மாதம் 12 ஆந் திகதி நண்பகல் கழிந்த சிறு பொழுதில், பெருங்காற்றின் இரைச்சலுக்கிடையே, காதில் வைத்த தொலைபேசிக் குழலில் மூன்று மெல்லிய குறிகள் கேட்டன. மோர்ஸ் முறையில் அவை எஸ் என்னும் எழுத்தைக் குறிப்பன. ஏறத்தாழ 3,400 கிலோமீற்றர் கடலைக் கடந்து வந்த குறிகள் அவை என்று மார்க்கோனியார் உலகுக்கு அறிவித்தார்.

கேட்டவர் யாவர்? மார்க்கோனியாரும் கெம்பும் ஆகிய இருவரே. குறிகள் தாளிற் பதியவில்லை, காதே சான்று. அதிலும் பகற்பொழுது, அவ்வலைவரிசை பகலில் அத்துணைத் தூரம் செல்லுதல் அரிதென்பது இக்காலத்து அறிவு. ஆதலின் அன்று கேட்டது குறியோ, வானத்து மின்னிரைச்சலோ என்னும் ஐயம் அக்காலத்தும் எழுந்தது. இன்றும் அறிஞரிடையே முற்றாய்த் தீர்ந்திலது. அப்போது அவர் பயன்படுத்திய ஏற்புக்கருவி, இத்தாலியக் கடற்படை உத்தியோகத்தர் சொலாரி என்பவர் கொடுத்த பாதரசக் கருவியாகும். அதே வகைக் கருவியைப் போசர் 1899 ஆம் ஆண்டிலேயே இலண்டன் றோயற் சங்கத்துக்கு வெளியிட்டிருந்தார் என்பதையும் நாம் மறத்தல் தகாது.

ஐயத்தை மார்க்கோனியார் எதிர்கொண்ட வகையே அவருடைய பெருமை என்று நாம் கருதுகிறோம். சொல்லால் வாதிட்டுக் காலங் கழியாமல், இரண்டே மாதத்தில், 1902 ஆம் ஆண்டு மாசியில், பிலடெல்பியா என்னும் கப்பலில் ஏறி அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டார். இம்முறை ஏற்புக்கருவி குறிகளைத் தாள்நாடாவிலே தானே பதித்தது. பொல்டு நிலையம் அனுப்பிய குறிகள் 2,099 மைல் தூரத்திலும் நாடாவிற் பதிந்தன. மார்க்கோனியார் அந்நாடாவில் தமது ஒப்பத்தைப் போதுமெனக் கொள்ளாது, கப்பலின் தலைவரை அழைத்துக் கப்பல் நின்ற இடத்தையும் தூரத்தையும் எழுதுவித்து, அவர் ஒப்பத்தைப் பெற்றார். தம்மோடு தொடர்பில்லாத ஒருவர் கண்ணாற் கண்டு இட்ட ஒப்பமே சான்றாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அப்பயணத்திலேயே பகலிற் குறிகள் 700 மைலளவில் மறைதலையும், இரவில் மும்மடங்கு தூரஞ் செல்லுதலையும் கண்டு வெளியிட்டார். தமது முந்திய வெற்றியின்மேல் ஐயத்தை மிகுவிக்கக்கூடிய அவ்வுண்மையை அவர் மறைத்தாரல்லர். வானத்தின் மேலே அலைகளைத் திருப்பும் மின்படலம் ஒன்று உளதென்று அவ்வாண்டிலே கென்னலி, ஹெவிசைட் என்போர் கூறினர். 1924 ஆம் ஆண்டிலே அப்பிள்ரன் அதனை ஆய்வால் நிறுவினார்.

கம்பியில்லாத் தந்தியின் பயன் கடலிலேதான் முதன்முதல் ஒளிர்ந்தது. 1909 ஆம் ஆண்டு தை மாதத்தில் ரிபப்ளிக் என்னுங் கப்பல் மோதுண்டபோது, ஜக் பின்ஸ் என்னும் தந்தியாளர் இடைவிடாது அனுப்பிய அழைப்பினால் 1,500 பேருக்கு மேற்பட்டோர் உயிர்தப்பினர். 1912 ஆம் ஆண்டு சித்திரையில் ரைற்றானிக் மூழ்கியபோது, மார்க்கோனிக் கழகத்துத் தந்தியாளரான பிலிப்சும் பிறைட்டும் நீர் புகும்வரை சாவியை விட்டகலாதிருந்தனர். பிலிப்ஸ் உயிர் துறந்தார். ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனரெனினும், அழைப்பைக் கேட்டு விரைந்த கார்ப்பேதியாக் கப்பல் 700 பேருக்கு மேற்பட்டோரைக் காத்தது. எனினும் இதற்கு முந்திய ஆண்டுகளில் மார்க்கோனிக் கழகம், பிறர் கருவி வைத்த கப்பல்களோடு செய்தி பரிமாறலாகாதெனத் தன் தந்தியாளரைக் கட்டுப்படுத்தியிருந்தது. இத்தகைய தடையை நீக்க 1906 ஆம் ஆண்டு பேர்லின் மகாநாட்டில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்ய வேண்டியிருந்தது. உயிர்காக்கும் கருவிக்கும் வணிகப் போட்டி வேலியிட்ட கதை இது.

1909 ஆம் ஆண்டிலே பௌதிகத்துக்கான நோபற் பரிசு மார்க்கோனியாருக்கும் ஜேர்மனியப் பேராசிரியர் பிறவுணுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பின்னர்ச் சிற்றலைகளின்மேல் அவர் கருத்துச் சென்றது. எலெத்திரா என்னும் தமது கப்பலையே மிதக்கும் ஆய்வுகூடமாக்கிக் கடல்தோறும் திரிந்தார். பிராங்கிளின் என்னும் பொறியியலாளர் துணையோடு அவர் கழகம் வகுத்த சிற்றலைக் கற்றை முறையினால் 1926, 1927 ஆம் ஆண்டுகளில் கனடா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகள் இங்கிலாந்தோடு இணைந்தன. 1930 ஆம் ஆண்டிலே ஜெனோவாத் துறைமுகத்தில் நின்ற எலெத்திராவிலிருந்து அவர் சாவியை அழுத்த, உலகின் மறுபுறத்தே சிட்னி நகர மண்டபத்து விளக்குகள் ஒளிவிட்டன.

இதுவரை கூறியவை போற்றத்தக்கன. இனிக் கூறுவன அங்ஙனமல்ல. ஆயினும் கூறாது விடுதல் வரலாற்றுக்குச் செய்யும் வஞ்சமாகும். 1923 ஆம் ஆண்டிலே மார்க்கோனியார் முசோலினியின் பாசிசக் கட்சியிற் சேர்ந்தார். 1930 ஆம் ஆண்டில் இத்தாலிய றோயல் அக்கடமியின் தலைவரானார். அப்பதவியின் வழிக் கட்சியின் உயர்பேரவையிலும் இடம்பெற்றார். 1935 ஆம் ஆண்டு இத்தாலி எதியோப்பியாவின் மீது படையெடுத்தபோது பிறநாடுகளுக்குச் சென்று அதற்கு ஆதரவாய்ப் பேசினார். வானொலிக்கு வழிவகுத்த அவருக்கே, அப்போரைப் பற்றிப் பேச இடமளிக்கப் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் மறுத்துவிட்டது. இவற்றினுங் கொடியது ஒன்று 2002 ஆம் ஆண்டிலே ஆவணங்களால் வெளிப்பட்டது. அக்கடமிக்கு முன்மொழியப்பட்டோர் பட்டியலில் யூதராயினார் பெயர்களுக்குப் பக்கத்தே, யூதரைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் முதலெழுத்தாகிய இ என்பது மார்க்கோனியாராற் குறிக்கப்பட்டிருந்தது. அவர் தலைமையில் யூத அறிஞர் எவரும் அங்கே இடம்பெற்றிலர். இத்தாலி அரசு யூதருக்கெதிராகச் சட்டம் இயற்றியது 1938 ஆம் ஆண்டிலேயாம். இக்குறியோ அதற்குப் பல ஆண்டுகள் முந்தியது. ஓர் எழுத்து ஒருநாள் பெருங்கடலைக் கடந்து மாந்தரை இணைத்தது. மற்றோர் எழுத்து மாந்தரைப் பிரித்து வாயிலை அடைத்தது. இரண்டிலும் இருந்தது ஒருவர் கையே.

1937 ஆம் ஆண்டு ஆடி மாதம் 20 ஆந் திகதி மார்க்கோனியார் உரோமாபுரியிற் காலமானார். மறுநாள் இறுதிக் கிரியை நிகழ்ந்த வேளையில் உலகெங்குமுள்ள வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலியடங்கி அவருக்கு அஞ்சலி செலுத்தின. ஒலியால் உலகை நிறைத்தவருக்கு மௌனமே மாலையாயிற்று. அவர் உடல் தாம் முதன்முதற் குறியனுப்பிய கிறிபோனே மாளிகையின் அடியிலே இப்போது அடங்கியுள்ளது. 1943 ஆம் ஆண்டிலே அமெரிக்க உச்ச நீதிமன்றம், இசைவித்தல் பற்றிய அவருடைய அமெரிக்கப் பத்திரத்தின் முக்கிய உரிமைகள், லொட்ஜ், ரெஸ்லா, ஸ்ரோன் என்போர் முன்னரே கண்டவையாதலின் செல்லாவெனத் தீர்த்தது. வானொலியைக் கண்டவர் மார்க்கோனியார் அல்லர் என்று அம்மன்றம் கூறியதாகச் சிலர் எழுதுதல் பிழையாகும். 1896 ஆம் ஆண்டின் முதற் பத்திரம் அங்கே வழக்கிலில்லை.

அவர் கழகம் பேணிய கருவிகளும் ஏடுகளும் 1997 ஆம் ஆண்டிலே இலண்டனில் ஏலத்துக்கு வரவிருந்தன. அவை சிதறுண்டு போதலாகாதென அவர் மகளார் உட்படப் பலரும் குரலெழுப்ப, ஏலம் கைவிடப்பட்டது. 2004 ஆம் ஆண்டிலே அவை ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துக்கு அளிக்கப்பட்டன. தனித்தனி ஒப்பங்கள் செல்வர் பெட்டகங்களிற் கிடக்கலாம். அவற்றுக்குப் பொருள் தரும் கடிதங்களும் குறிப்பேடுகளும் ஓரிடத்திற் கற்போர்க்கு உதவுகின்றன என்பது மகிழத்தக்கது.

மார்க்கோனியாரைத் தெய்வமாக்குதலும் வேண்டா. கள்வரெனத் தள்ளுதலும் வேண்டா. பிறர் ஏற்றிய பல சிறு தீபங்களைக் கொண்டு பெருவிளக்கொன்றை அமைத்து, அதனைக் கடல் நடுவே தவிப்போர்க்குக் காட்டியவர் அவர். அதனால் உயிர்பெற்றோர் எண்ணிலர். அவ்விளக்கின் கீழேயே நிழலும் இருந்தது. அறிவுத் திறன் ஒருவரை உயர்த்துமேயன்றி, அறத்தின்வழி நிற்பித்தல் அதற்கு இயலாது. அதற்கு வேறோர் உறுதி வேண்டும்.

இக்கல்லூரி மாணாக்கர் நாளை மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் உத்தியோகத்தராகவும் அமைந்து, எத்தனையோ தாள்களின் அடியிலே தம் பெயரை எழுதுவர். அவற்றுள் ஒன்று ஒருவனுக்கு வேலை தரும். ஒன்று ஒருவனை நீக்கும். ஒன்று பிறர் உழைப்பைத் தமதெனக் காட்டும். ஒன்று உண்மைக்குச் சான்றாகும். எழுதுகோலை எடுக்கும் போதெல்லாம் மேலே எழுதியிருப்பதை ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும். அதன் கீழே இருத்தற்கு நம் பெயர் நாணுமாயின், கோலைக் கீழே வைத்துவிடுதலே நன்று.